அட்டையில் எழுதிய தவறு

பாஸ்டன் நகரின் பீக்கன் ஹில் பகுதியில், பிங்க்னி தெருவில், 1911-ஆம் ஆண்டு ஒரு சிறிய தனியார் மருத்துவமனை தொடங்கியது. நடத்தியவர் எர்னஸ்ட் அமோரி காட்மன் என்ற அறுவை மருத்துவர். அங்கே சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை உண்டு. நோயாளி என்ன தொந்தரவு சொல்லிக்கொண்டு வந்தார், மருத்துவர் அதை என்ன நோய் என்று முடிவு செய்தார், என்ன சிகிச்சை கொடுத்தார், வீட்டுக்குப் போகும்போது நோயாளி எப்படி இருந்தார், ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் அதில் ஏறும். அதற்குப் பிறகு வரும் கேள்விக்காகத்தான் அந்த அட்டையே: நினைத்த பலன் கிடைக்கவில்லை என்றால், ஏன் கிடைக்கவில்லை?

1911 முதல் 1916 வரை அந்த மருத்துவமனையிலிருந்து 337 பேர் சிகிச்சை முடிந்து வெளியேறினார்கள். அவர்களுடைய சிகிச்சையில் நேர்ந்த தவறுகள் என்று காட்மன் பதிவு செய்தவை 123. மருத்துவரே தம் தவறுகளை எண்ணுவது அபூர்வம். எண்ணியதை அச்சிட்டு, தம் செலவில் மற்ற மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைப்பது அன்றைக்குக் கேள்விப்படாத ஒன்று. எதிர்வீட்டு மருத்துவமனை தன் வெற்றிகளை மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஊரில், தம் தொழிலுக்கே குந்தகம் வரும் என்று தெரிந்தும் அவர் இதைச் செய்தார்.

தவறை ஒப்புக்கொள்கிறவர் வளர்கிறார் என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், மேடையில் பேசுகிறோம். ஆனால் எந்த வகை ஒப்புதல் மனிதரை மாற்றுகிறது, எது மாற்றாமல் விட்டுவிடுகிறது என்று விசாரிப்பது குறைவு. மருத்துவம் அந்த விசாரணைக்கு நல்ல களம். அங்கே தவறின் விலை கண்ணுக்குத் தெரியும், பதிவேடு இருக்கும், பல ஆண்டு ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது எனக்குத் தெளிவாகும் ஒரு விஷயம் இது: வருத்தப்படுவதால் மட்டும் யாரும் வளர்வதில்லை. இது என்னுடைய தவறு, இன்ன வகைத் தவறு என்று துல்லியமாகச் சொல்லி, அதன் முடிவு வரை பின்தொடர்ந்து போகிறவர்தான் மாறுகிறார். மன்னிப்புக் கேட்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இந்தத் துல்லியத்தில் காட்டுவதில்லை.

காட்மனுக்கு இந்தப் பழக்கம் திடீரென்று வந்ததல்ல. 1890-களில் அவர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மாணவர். அவருடைய வகுப்புத் தோழர் ஹார்வி குஷிங், பிற்காலத்தில் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியாகப் பெயர் பெற்றவர். அந்தக் காலத்தில் அறுவை சிகிச்சைக்கு ஈதர் கொடுத்து மயக்கும் வேலை, போதிய பயிற்சி இல்லாத மாணவர்களிடம்தான் விடப்பட்டது. 1893-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் குஷிங் ஈதர் கொடுத்துக்கொண்டிருந்தபோதே ஒரு நோயாளி இறந்துபோனார். மருத்துவப் படிப்பையே விட்டுவிடலாமா என்று குஷிங் கலங்கிப்போனார். 1846-இல் ஈதர் மயக்கத்தில் வலியில்லாத அறுவை சிகிச்சையை உலகுக்குக் காட்டிப் புகழ்பெற்ற அதே மருத்துவமனையில்தான் இது நடந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். குஷிங்கும் காட்மனும் தங்களில் யார் நன்றாக மயக்கம் கொடுப்பது என்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள். தோற்றவர் விருந்து வைக்க வேண்டும். யார் ஜெயித்தார் என்று எப்படித் தீர்ப்பது? அறுவை நடக்கும்போது நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாளில் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். மூத்த மருத்துவர் ஹாரிங்டன் அதற்கு ஊக்கம் கொடுத்தார். 1894-இல் தொடங்கிய அந்த ஈதர் தாள்கள்தான், இன்று உலகம் முழுவதும் அறுவை அரங்குகளில் எழுதப்படும் மயக்கவியல் பதிவேட்டுக்கு ஆரம்பம். ஒரு மரணம் குஷிங்குக்குள் கலக்கமாக மட்டும் தங்கியிருந்தால், அவர் மருத்துவத்தை விட்டிருக்கலாம். அல்லது கொஞ்ச நாளில் மனம் மரத்துப்போய் அடுத்த நோயாளிக்கு அதே மாதிரி ஈதர் கொடுத்திருக்கலாம். அது தாளில் எண்களாக இறங்கியதும் இரண்டு வழிகளும் அடைபட்டன. நாடி எப்போது இறங்கியது, எத்தனை நிமிடத்தில் ஏறியது என்று கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது, சமாளித்துக்கொள்ள முடியாது, திருத்திக்கொள்ளத்தான் முடியும்.

காட்மனின் அட்டைகளுக்குத் திரும்புவோம். அவர் தவறுகளை எண்ணியதோடு நிற்கவில்லை, வகை பிரித்தார். ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்துக் குறி வைத்தார். அறிவோ கைத்திறனோ போதாமல் நேர்ந்தது ஒரு வகை. அறுவை செய்யலாமா, எப்போது செய்யலாம், எந்த அளவுக்குச் செய்யலாம் என்ற தீர்மானத்தில் சறுக்கியது இன்னொரு வகை. கவனிப்போ கருவியோ போதாமல் நேர்ந்தது மூன்றாவது. நோயைக் கண்டறிவதிலேயே பிசகியது நான்காவது. இவை போக, மருத்துவரின் கைக்கு அப்பாற்பட்டவை என்று சிலவற்றையும் வைத்தார்: வெல்ல முடியாத நோய், சிகிச்சைக்கு நோயாளி மறுத்தது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் நேர்ந்துவிடும் அறுவை விபத்துகள்.

இந்தப் பிரிவினையின் அருமை, அதை ஒரு நோயாளியின்மேல் வைத்துப் பார்த்தால் தெரியும். குடல்வால் அழற்சி என்று நினைத்து ஒருவர் வயிற்றைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே குடல்வால் நன்றாக இருக்கிறது, நோய் வேறிடத்தில். அதைத் தேடுவதில் நேரம் போகிறது, காயம் பெரிதாகிறது, பிறகு சீழ் பிடிக்கிறது. ஒரு மாதம் படுக்கையில் கிடந்து நோயாளி எழுந்து போகிறார். ‘கொஞ்சம் சிக்கலான கேஸ்’ என்று சொல்லி இதை முடித்துவிடலாம். பொய்யும் இல்லை. ஆனால் காட்மனின் அட்டை அப்படி முடிக்கவிடாது. நோயைத் தவறாகக் கண்டறிந்தோமா? சந்தேகம் வந்த பிறகும் கத்தியை எடுத்தது தீர்மானத் தவறா? தேடும்போது கை தடுமாறியதா? சீழ் பிடித்தது கருவியைச் சுத்தம் செய்ததில் இருந்த குறையா? நான்கு கேள்விக்கும் நான்கு வெவ்வேறு திருத்தங்கள். முதலாவது என்றால் இன்னும் படிக்க வேண்டும், அனுபவமுள்ளவரிடம் கேட்க வேண்டும். இரண்டாவது என்றால் அவசரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். மூன்றாவது என்றால் பழக வேண்டும், முடியாவிட்டால் கைதேர்ந்தவரிடம் நோயாளியை அனுப்ப வேண்டும். நான்காவது என்றால் மருத்துவமனையின் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும். ‘என்மேல்தான் தப்பு’ என்ற ஒற்றை வாக்கியம் எவ்வளவு மனப்பூர்வமாக வந்தாலும், இவற்றில் எதைச் செய்வது என்று அது சொல்லாது.

வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் கேட்கும் ஒப்புதல்கள் பெரும்பாலும் அந்த ஒற்றை வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றன. மகனை ஊரார் முன்னால் அடித்த அப்பா, பின்னாளில் ‘கோபத்தில் அடிச்சுட்டேன்ப்பா’ என்கிறார். அது உண்மையான வருத்தமாக இருக்கலாம். ஆனால் கோபம் வந்தது தவறா, யாரோ சொன்ன புகாரை விசாரிக்காமல் நம்பியது தவறா, ஊர் என்ன நினைக்கும் என்ற பயத்துக்கு மகனைப் பலி கொடுத்தது தவறா? மகனுக்குத் தெரியும் எது என்று. அப்பா அதைச் சரியாகச் சொல்லாதவரை அந்த மன்னிப்பு அவனிடம் போய்ச் சேர்வதில்லை. அப்பாவிடமும் ஒன்றும் மாறுவதில்லை. அடுத்த முறை கோபத்தை அடக்கிக்கொள்வார், புகாரை மட்டும் மறுபடி அப்படியே நம்புவார்.

காட்மனின் பட்டியலில் இருந்த ‘விபத்து’ என்ற வகைதான் ஆபத்தானது. எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாம். நேரம் சரியில்லை, நம் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். காட்மன் அந்த வாசலையும் முழுதாகத் திறந்துவைக்கவில்லை. நம் கட்டுப்பாட்டில் இல்லை என்று இன்று நினைப்பவற்றைக்கூட நமக்கும் பொதுமக்களுக்கும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அவற்றைத் தடுக்கும் வழியை ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். இன்று விபத்து என்று ஒதுக்கப்பட்டது நாளை தடுக்கக்கூடியதாகலாம். எழுதிவைத்திருந்தால்தான் அது நடக்கும்.

ஒப்புக்கொள்வதற்கும் மாறுவதற்கும் உள்ள தொடர்பை நேரடியாக ஆராய்ந்த ஒரு கட்டுரை 1991-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. ஆல்பர்ட் வூவும் அவருடைய சகாக்களும் எழுதியது. மூன்று பெரிய பயிற்சி மருத்துவமனைகளில் பணியாற்றிய 254 பயிற்சி மருத்துவர்களிடம், பெயர் குறிப்பிடாமல், தாங்கள் செய்த மிக முக்கியமான தவறு ஒன்றை விவரிக்கும்படி கேட்டார்கள். 114 பேர் எழுதினார்கள். நோயைக் கண்டறிவதில், மருந்து எழுதுவதில், பரிசோதிப்பதில் நேர்ந்த தவறுகளே மிகுதி. அந்தச் சம்பவங்களில் 90 விழுக்காட்டில் நோயாளிக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டது. 31 விழுக்காட்டில் மரணம். இளம் வயதில் இவ்வளவு பெரிய பாரம்.

அந்தத் தவறுகளுக்குப் பிறகு யார் தங்கள் பழக்கத்தை நல்ல விதமாக மாற்றிக்கொண்டார்கள் என்று பார்த்தபோது, இரண்டு விஷயங்கள் தெரிந்தன. தவறுக்குத் தாங்களே பொறுப்பு என்று ஏற்றவர்களும், அதை மற்றவர்களோடு பேசியவர்களும் உருப்படியான மாற்றங்களைச் செய்திருந்தார்கள். வேலைப்பளுதான் காரணம் என்று சொன்னவர்கள் அவ்வளவாக மாறியிருக்கவில்லை. கவனிக்க வேண்டும்: வேலைப்பளு என்பது பொய்க் காரணம் அல்ல. பயிற்சி மருத்துவர்கள் தூக்கமில்லாமல் உழைப்பது உண்மை. நிர்வாகம் அதைச் சரிசெய்ய வேண்டியதும் உண்மை. ஆனாலும் அந்த உண்மையான காரணத்தில் போய் நின்றுவிட்டவர், தம் பங்கு எது என்று தேடுவதை நிறுத்திவிட்டார்.

இன்னொரு முடிவும் அங்கே இருக்கிறது. மருத்துவமனை ஆளைக் குற்றம் சொல்லும் சூழலாக இருந்தால், பயிற்சி மருத்துவர்கள் தற்காப்பு மாற்றங்களையே அதிகம் செய்தார்கள். வேண்டாத பரிசோதனைகளை எழுதுவது, சிக்கலான நோயாளிகளைத் தவிர்ப்பது போன்றவை அந்த வகையில் சேரும். இதுவும் மாற்றம்தான். ஆனால் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான மாற்றம். குடும்பத்திலும் இது நடக்கிறது. பொய் சொன்னதற்காக ஊரே கேட்கத் திட்டப்பட்ட பிள்ளை உண்மை பேசக் கற்றுக்கொள்வதைவிட, திறமையாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது.

நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ தவறைச் சொன்னவர்கள் 24 விழுக்காடு மட்டுமே. மேல் மருத்துவரிடம் பேசியவர்கள் 54 விழுக்காடு. அதாவது, தமக்குள் ஒப்புக்கொண்டவர்களில் பலரும் அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை. ஒப்புதலுக்கு ஒரு முகவரி வேண்டும். டயரியில் எழுதுவதும் நண்பரிடம் புலம்புவதும் மனத்தை ஆற்றும். பாதிக்கப்பட்டவருக்கு முன்னால் உட்கார்ந்து, இது நடந்தது, நான் செய்தேன் என்று சொல்வது வேறு. அங்கே பதில் வரும். அந்தப் பதில் நம் கட்டுப்பாட்டில் இருக்காது.

இதே குழுவினர் 1993-இல் எழுதிய இன்னொரு கட்டுரையை நான் மிகவும் மதிக்கிறேன். பொறுப்பை ஏற்றவர்களிடம் நல்ல மாற்றம் வந்தது மட்டுமல்ல, மன வேதனையும் அதிகமாக இருந்தது என்று அது சொல்கிறது. தவறை ஒப்புக்கொண்டால் மனம் லேசாகிவிடும் என்று சொல்லும் புத்தகங்கள் ஏராளம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஒப்புக்கொள்கிறவர் மாறுகிறார், அதே நேரத்தில் தூக்கத்தையும் இழக்கிறார். இரண்டும் சேர்ந்தே வருகின்றன. இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவர் நடுவில் பயந்து திரும்பிவிட மாட்டார். அந்த வேதனையில் இருப்பவருக்கு அருகில் யாராவது இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. 2000-இல் வூ, தவறு செய்த மருத்துவரும் அந்தச் சம்பவத்தில் இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று எழுதினார். நோயாளியின் துன்பத்தோடு அதை ஒப்பிடலாமா என்று பின்னாளில் நோயாளிகள் தரப்பில் எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். முதலில் பாதிக்கப்பட்டவரிடம் போகாமல் நம் காயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஒப்புதல் மறுபடியும் நம்மைப் பற்றியதாகவே ஆகிவிடும்.

வேதனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் முக்கியம். ஜூன் டாங்னியும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு சிறைக் கைதிகளைப் பற்றியது. 470-க்கும் மேற்பட்டவர்களோடு தொடங்கி, அவர்களில் பெரும்பாலோரை விடுதலைக்குப் பிறகு ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். ‘நான் செய்தது தவறு’ என்று செயலின்மேல் வருந்தும் இயல்புடையவர்கள் மறுபடி குற்றத்தில் இறங்குவது குறைவாக இருந்தது. ‘நானே கேடுகெட்டவன்’ என்று தன்மேலேயே அவமானம் கொள்பவர்களிடம் நிலைமை சிக்கலானது. அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் பழியைப் பிறர்மேல் போட்டவர்கள் மறுபடி குற்றத்துக்கே போனார்கள். பழியைத் தள்ளிவிடாதவர்களிடம் அவமானமும் ஓரளவு தடுப்பாக இருந்தது. தன்னை முழுதாகக் குப்பையில் போடுவது பணிவு போலத் தெரியும். ஆனால் முழுக்கக் கெட்டவன் என்று முடிவு கட்டியபின், திருத்துவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. காட்மன் 123 தவறுகளை எண்ண முடிந்தது, அந்த எண்ணிக்கை தம்மை ஒரேயடியாக அழித்துவிடாது என்று அவர் நம்பியதால்தான்.

காட்மனின் குறையையும் சொல்ல வேண்டும். 1914-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து அவர் ராஜினாமா செய்தார். அங்கே பதவி உயர்வு பணி மூப்பின்படி கிடைத்தது. யாருடைய நோயாளிகள் நன்றாகிப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதை எதிர்த்து விலகியவர், உடனேயே தம்மைத் தலைமை அறுவை மருத்துவராக நியமிக்கும்படி கேட்டார். கடந்த பத்தாண்டுகளில் தம் சிகிச்சையின் பலன்கள் மற்றவர்களுடையதைவிட மேலானவை என்பது அவர் சொன்ன காரணம். மறுக்க வேண்டுமானால் மற்றவர்கள் தங்கள் கணக்கைக் காட்ட வேண்டும். யாரிடமும் கணக்கு இல்லை.

1915 ஜனவரியில், உள்ளூர் மருத்துவச் சங்கத்தின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த காட்மன் ஒரு கூட்டம் கூட்டினார். கூட்டத்தின் முடிவில் எட்டு அடி கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து வைத்தார். பணக்கார பேக் பே வட்டாரம் ஒரு நெருப்புக்கோழியாக மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு நிற்கிறது. பொன் முட்டைகளைப் பின்னால் நிற்கும் மருத்துவர்களை நோக்கி உதைத்துத் தள்ளுகிறது. உண்மையைச் சொல்லிவிட்டால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடுமோ என்று மருத்துவமனையின் அறங்காவலர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரும் படத்தில் உண்டு. அரங்கமே கொதித்தது. பிரிவின் தலைமையிலிருந்து விலகச் சொன்னார்கள். ஹார்வர்டில் அவருடைய ஆசிரியப் பொறுப்பும் போனது.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனாலும் அந்த மாலையில் அவர் காட்டியது மற்றவர்களின் தவறுகளை. தம் தவறுகளை அட்டையில் எழுதியபோது ஒரு கேள்விக்கு வழிவிட்டவர், சித்திரத்தை நீட்டியபோது அதை அடைத்துவிட்டார். ஏளனத்துக்கு ஆளானவர் யாரும் தம் அட்டையை எடுத்துவந்து காட்டப்போவதில்லை. பின்னர் வெளிவந்த அந்த 123 தவறுகளின் கணக்கு, அன்றைய சித்திரத்தைவிட எத்தனையோ மடங்கு வலிமையான வாதம். அதை முதலில் கொண்டுவந்திருந்தால் பாஸ்டன் அவரை வேறு மாதிரி கேட்டிருக்குமோ என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

அப்போது அமெரிக்க மருத்துவமனைகள் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு ஒரு சம்பவம் போதும். காட்மனின் யோசனையிலிருந்து வளர்ந்த தர ஆய்வை 1913-இல் அமைந்த அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி நடத்தியது. 100-க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட 692 மருத்துவமனைகளைப் பார்த்தார்கள். குறைந்தபட்சத் தகுதி பெற்றவை 89 மட்டுமே. 1919-இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் இந்த எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது. மருத்துவமனைகளின் பெயர்கள் வெளியே போய்விடக்கூடாது என்று, அந்தப் பட்டியலை அன்றிரவே விடுதியின் உலையில் போட்டு எரித்தார்கள். தேறாதவற்றில் நாட்டின் புகழ்பெற்ற மருத்துவமனைகளும் இருந்தன.

எரிப்பதற்குக் காரணம் பயம். அந்தப் பயம் ஒவ்வொரு மருத்துவமனை வார்டுக்குள்ளும் எப்படி வேலை செய்கிறது என்று எமி எட்மண்ட்சன் 1990-களில் ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். எந்தக் குழு எப்படி என்று தெரியாத ஒருவரை வார்டுகளுக்கு அனுப்பிக் கவனிக்கச் சொன்னபோது காரணம் புரிந்தது. அந்தக் குழுக்களில் தவறைச் சொன்னால் தலைமைச் செவிலியர் கடிந்துகொள்வதில்லை. எப்படி நடந்தது என்று கேட்கிறார். மற்ற வார்டுகளில் தவறுகள் குறைவாகத் தெரிந்தது, அவை வெளியே வராததால். எனவே ஒருவர் தம் தவறை ஒப்புக்கொள்வது முழுக்க அவருடைய குணத்தின் விஷயம் என்று சொல்லிவிட முடியாது. கேட்பவர் எப்படிக் கேட்கிறார் என்பதிலும் பாதி இருக்கிறது.

யார் ஒப்புக்கொள்கிறார், அதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. காட்மன் செல்வாக்குள்ள பாஸ்டன் குடும்பத்தவர். தனி மருத்துவமனை நடத்த வசதி இருந்தவர். ஒப்பந்தச் சம்பளத்தில் வேலை செய்யும் ஒரு செவிலியர், ‘அளவு தவறிப்போய்விட்டது டாக்டர்’ என்று சொன்னால் வேலையே போகலாம். இருவரிடமும் ஒரே மாதிரி துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மேலே இருப்பவர் முதலில் தம் தவறைச் சொன்னால்தான் கீழே இருப்பவர் வாய் திறப்பார். இது வீட்டுக்கும் பொருந்தும். பெரியவர் ஒருபோதும் தவறே செய்யாத வீட்டில் சிறியவர்கள் எல்லோரும் திருட்டுத்தனம் பழகுகிறார்கள்.

ஒப்புக்கொண்டால் வழக்குகள் குவிந்துவிடும் என்ற அச்சம் மருத்துவமனைகளுக்கு நெடுங்காலமாக உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு 2001-இல் வேறு வழியில் போனது. தவறு நேர்ந்தால் தானே விசாரித்து, நோயாளியிடம் சொல்லி, தன் பக்கம் தவறு இருந்தால் மன்னிப்பும் இழப்பீடும் கொடுக்கத் தொடங்கியது. 2010-இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒரு லட்சம் நோயாளி வருகைக்கு 7.03 ஆக இருந்த புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 4.52 ஆகக் குறைந்தன. நீதிமன்ற வழக்குகளும் குறைந்தன. அதே காலத்தில் மிச்சிகன் மாநிலம் முழுக்கவே வழக்குகள் குறைந்துவந்தன என்பதால் இது அந்த ஒரு முயற்சியின் பலன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உண்மையைச் சொன்னதால் மருத்துவமனை திவாலாகிவிடவில்லை என்பது உறுதி.

தமிழ்நாட்டிலும் இதற்கு நெருக்கமான ஒரு பழக்கம் இருக்கிறது. பிரசவத்தில் தாய் இறந்தால், எங்கே தாமதம் நேர்ந்தது, ஆம்புலன்ஸ் எப்போது கூப்பிடப்பட்டது, ரத்தம் எப்போது கிடைத்தது, எந்த மருத்துவமனையிலிருந்து எதற்கு அனுப்பப்பட்டார் என்றெல்லாம் குடும்பத்தாரிடமும் பணியாளர்களிடமும் விசாரித்துத் தணிக்கை செய்யும் முறையை, நாட்டின் பல மாநிலங்களுக்கு முன்பே இங்கே தொடங்கினார்கள். 2004-06 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 111 ஆக இருந்த தாய்மார் இறப்பு விகிதம், 2018-20-இல் 54. நாடு தழுவிய விகிதம் அப்போது 97. இந்த இறக்கத்துக்குப் பல காரணங்கள்: 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், செவிலியர் நியமனம், 108 ஆம்புலன்ஸ். அவற்றோடு, ஒவ்வொரு மரணத்தின் கதையையும் அதன் தொடக்கம் வரை பின்னோக்கிக் கேட்ட அந்த விசாரணைக்கும் பங்கு உண்டு என்பது இத்துறையில் வேலை செய்தவர்களின் கருத்து. தணிக்கை தண்டனையாக மாறும் இடங்களில் தாள்கள் சுத்தமாகவும் கதைகள் பொய்யாகவும் ஆகிவிடும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

தனி மனிதரிடம் வருவோம். 1984-இல் டேவிட் ஹில்ஃபிகர் என்ற அமெரிக்கக் கிராமப்புறக் குடும்ப மருத்துவர், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தம் தவறுகளைப் பற்றி எழுதினார். மின்னசோட்டாவில் அவர் பார்த்த ஒரு பெண், கர்ப்பம் என்று நம்பி வந்தார். சிறுநீர்ப் பரிசோதனைகள் திரும்பத் திரும்ப ‘இல்லை’ என்று காட்டின. அல்ட்ராசவுண்ட் எடுக்க நூறு மைலுக்கு அப்பால் டுலூத் நகருக்குப் போக வேண்டும், செலவும் அதிகம். கரு கலைந்துவிட்டது என்று முடிவு செய்து அவர் கருப்பையைச் சுத்தம் செய்தார். கரு உயிரோடு இருந்தது. அந்தத் தம்பதியின் முதல் குழந்தையைப் பிரசவம் பார்த்ததும் இதே மருத்துவர்தான்.

ஹில்ஃபிகரின் கட்டுரையில் என்னை நிறுத்தியது அதன் நுணுக்கம். பரிசோதனை பொய்த்தது என்று சொல்லி அவர் முடித்திருக்கலாம். பரிசோதனையை ஏன் அவ்வளவு நம்பினேன், தூரத்தையும் செலவையும் காட்டி அந்தப் படத்தை ஏன் தவிர்த்தேன், அந்த மிச்சப்படுத்தலில் என் வசதி எவ்வளவு, அவர்களுடைய நன்மை எவ்வளவு என்று அவர் தம்மையே குறுக்கு விசாரணை செய்கிறார். மருத்துவர்கள் தவறே செய்யக் கூடாதவர்கள் என்ற எதிர்பார்ப்பு, தவறு செய்த மருத்துவரை எங்கும் போக வழியில்லாமல் நிறுத்துகிறது என்கிறார். காட்மன் எழுத்துக் குறிகளால் செய்ததை இவர் உரைநடையில் செய்தார். இரண்டும் ஒரே வேலைதான்.

காட்மனின் மருத்துவமனை நிலைக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு அவர் பாதை மாறியது. 1920-இல் எலும்புப் புற்றுநோய்க்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். ஒரு மருத்துவர் வாழ்நாள் முழுவதும் பார்த்தாலும் அந்த நோயில் சில நோயாளிகளையே பார்ப்பார். தம் தீர்மானம் சரியா தவறா என்று தெரிந்துகொள்ள அந்தச் சிலர் போதாது. எனவே நாடெங்கும் உள்ள அறுவை மருத்துவர்களிடம் அவர்கள் பார்த்த நோயாளிகளின் விவரங்களையும் எக்ஸ்-ரே படங்களையும் கேட்டு வாங்கினார். சிகிச்சை பலித்தவர்களா, பலிக்காதவர்களா என்று பார்க்காமல் எல்லோரையும் கேட்டார். ஜேம்ஸ் யூயிங்கும் ஜோசஃப் பிளட்குட்டும் துணை நின்றார்கள். இம்முறை கேலிச்சித்திரம் இல்லை. கடிதம் எழுதிக் கேட்டார், வந்ததைச் சரிபார்த்தார், மறுபடி எழுதினார். எலும்புப் புற்றுநோயின் எக்ஸ்-ரே படத்தில் தெரியும் ஓர் அடையாளத்தை இன்றும் மருத்துவ மாணவர்கள் காட்மன் முக்கோணம் என்று படிக்கிறார்கள்.

1934-இல் அவர் தோள்பட்டையைப் பற்றி எழுதிய பெரிய நூல் வந்தது. முன்னுரையில் தம் வாழ்க்கையையே ஒரு வரைபடமாகப் போட்டிருக்கிறார். நோயாளியின் அட்டையில் காட்டிய அதே ஒளிவுமறைவின்மை அதில் இருக்கிறது. எந்த ஆண்டு என்ன செய்தார், எங்கே சறுக்கினார், ஒவ்வோர் ஆண்டும் தொழிலில் எவ்வளவு சம்பாதித்தார் என்பதைக்கூட மறைக்கவில்லை. பட்டங்களும் பாராட்டுகளும் தமக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, இன்னும் திறந்த மனமுள்ள ஒரு தலைமுறை பின்னால் வரலாம் என்று எழுதினார். 1940-இல் இறந்தார்.

அவர் வலியுறுத்திய ‘ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்’ என்ற கேள்வி, அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் அங்கீகாரம் பெறும் புற்றுநோய் மையங்களுக்குப் பின்னாளில் நிபந்தனையாகவே ஆனது. அங்கே சிகிச்சை பெற்றவர்கள் வேறு ஊருக்குக் குடிபோனாலும் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஆண்டுதோறும் நலம் விசாரித்து எழுதுவதற்கென்றே பதிவாளர்கள் வேலை செய்கிறார்கள். நோயாளி வீடு திரும்பியதோடு அந்தப் பதிவு முடிவதில்லை.